யாரும் கட்டாத பட்டு

கவி,

எப்படிடி இருக்க. நீ அனுப்பின ஏழு நிமிஷ வாய்ஸ் நோட்டை மூணு தடவை கேட்டேன். நடுவுல உங்கப்பா வந்து யாருகிட்ட பேசிட்டிருக்கன்னு கேக்கறதும், பின்னாடி எங்கயோ தறி டக்கு டக்குன்னு ஓடறதும் விழுந்திருக்கு பாரு, மூணாவது தடவை கேட்டது அதுக்காகவே. அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது பெரிய நிம்மதி. சொட்டு மருந்து ஒழுங்கா விட்டுக்கறாரா, இல்ல வழக்கம் போல உங்கண்ணன் வந்து சொன்னாத்தான் கேக்கறாரா? இங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவன் இப்போ வீட்டுலயும் ஜப்பானீஸ்தான், தமிழ்ல திட்டினா ஜப்பானீஸ்ல பதில் சொல்றான், திட்டறதுல இருந்த சுகமே போச்சு.

விஷயத்துக்கு வரேன். நான் ஒரு கிமோனோ வாங்கிட்டேன். பட்டு, பழசு. சிரிக்காத.

கியோட்டோ வந்து ஆறு வருஷமா நான் அந்தப் பக்கமே போகல, தெரியுமில்ல. கியோமிசு கோயில் ஏறுற தெரு பூரா வாடகைக் கிமோனோ கடை, காலைல பாலியஸ்டர் கிமோனோவ மாட்டிட்டு போட்டோ எடுத்துட்டு சாயங்காலம் திருப்பிக் குடுத்துட்டுப் போவாங்க, காஞ்சிபுரத்துல பொறந்தவ அதைப் போய் கட்டுவாளான்னு ஒரு திமிரு எனக்கு. ஆனா மார்ச் மாசம் தோஜி கோயில் சந்தைக்குப் போனேன். அஞ்சடுக்கு மர கோபுரம் ஒண்ணு இருக்குன்னு போட்டோ அனுப்பினேனே, கிட்டத்தட்ட 55 மீட்டர், அந்தக் கோயில்தான். அங்க மாசா மாசம் 21ஆம் தேதி சந்தை. கோபோ தாய்ஷின்னு ஒரு பெரிய துறவி, 835ல மூணாவது மாசம் 21ஆம் தேதி காலமானாரு, அவரு திதியை வெச்சு வந்த சந்தை அது, ஊர்ல எல்லாரும் பிரியமா கோபோ-சான்னு சொல்லுவாங்க. நாத்துச்செடி, ஊறுகாய், துருப்பிடிச்ச உளி, உடைஞ்ச கடிகாரம், அதுக்கு நடுவுல தரைல தார்ப்பாய் விரிச்சு மலை மாதிரி கிமோனோ குவிச்சு வெச்சிருப்பாங்க, எது எடுத்தாலும் 500 யென், 1000 யென்னு அட்டைல எழுதி. பட்டுடி கவி, எல்லாம் பட்டு. நம்ம ஊர்ல ஆடித்தள்ளுபடில நைட்டிய கொட்டி வெப்பாங்க பாரு, அந்த மாதிரி பட்டைக் கொட்டி வெச்சிருக்காங்க. வீட்ல பாட்டி போயிடறாங்க, பீரோ நெறைய கிமோனோ, பேத்திக்கு அளவு பத்தாது, கட்டவும் தெரியாது, எங்க போகும், இங்கதான் வரும்.

நான் சும்மா கைய விட்டுத் துழாவினேன். உங்கப்பா நம்ம ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுத்தாரே, கண்ணால பாக்காத விரலால பாருன்னு. நூல் ஒண்ணை உருவி கொளுத்தி முடி கருகற வாசம் வருதான்னு பாக்க அங்க முடியாதே, அதனால ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சுத் தேச்சேன். க்யூ க்யூன்னு ஒரு சத்தம். அதுக்கு இங்க ஒரு தனி வார்த்தையே வெச்சிருக்காங்க, கினுநாரி, பட்டு போடற சத்தம்னு சொல்லலாம். அப்படிக் கைல சிக்கினதுதான் இது. ஊதா கலர், அதுல வெள்ளையா அம்போட இறகு மேலயும் கீழயும் மாத்தி மாத்தி வரிசையா. யாகசுரின்னு பேரு. 3000 யென் சொன்னாரு, நான் வெறுமனே யோசிக்கற மாதிரி நின்னேன், 2500க்கு இறங்கினாரு, நம்ம காசுக்கு 1500 ரூபா கூட வராது. (பேரம் பேசத் தெரியாத ஊர்ல சும்மா நிக்கறதுதான் பேரம்.)

அது மெய்சென்னு சொல்ற ரகம். 1910லேர்ந்து ஒரு முப்பது வருஷம் சக்கைப் போடு போட்ட துணி, தோக்கியோவுக்கு வடக்கால இசேசாகி, அஷிகாகா, சிச்சிபுன்னு ஊர் ஊரா நெய்திருக்காங்க. பெரிய பணக்காரங்க துணி இல்ல இது. இழுத்து நூலாக்க முடியாத மட்டக் கூடு, ரெண்டு புழு சேர்ந்து கட்டின கூடு, அதுல வர்ற நூலை வெச்சு சாதாரண வீட்டுப் பொம்பளைங்க வாங்கற விலைல பட்டு. இதை எப்படி நெய்வாங்கன்னு அப்பாகிட்ட சொல்லு, ரசிப்பாரு. பாவு நூலை, அதான் நீளவாக்குல ஓடற நூலை, முதல்ல தொளதொளன்னு சும்மா ஒரு ஊடை (குறுக்கு நூல்) போட்டு தற்காலிகமா நெய்து வெச்சுக்கறாங்க, அது மேல ஸ்டென்சில் வெச்சு சாயம் அடிக்கறாங்க, அப்புறம் அதைத் தறில ஏத்தி அந்த டம்மி ஊடையை உருவிக்கிட்டே நிஜ ஊடையைப் போட்டு நெய்யறாங்க. அதனால டிசைனோட ஓரம் எல்லாம் லேசா கலைஞ்ச மாதிரி, தூக்கக் கலக்கத்துல பாத்த மாதிரி இருக்கும். இன்னொண்ணு, சாயம் நூல்லயே ஏறிடறதால முன்பக்கம் பின்பக்கம்னு கிடையாது, ரெண்டும் ஒண்ணுதான். இதை ஞாபகம் வெச்சுக்கோ, பின்னாடி வரும்.

வீட்டுக்கு வந்து விரிச்சுப் பாத்தா கை ஓரத்துலயும் கீழ் ஓரத்துலயும் வெள்ளை நூல்ல நீளம் நீளமா தையல் ஓடுது. எனக்கு என்னன்னு புரியல. எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி இருக்காங்களே, நான் சாம்பார் குடுத்தா மிசோ சூப்னு நினைச்சு காலங்காத்தால குடிச்சுட்டு வந்து நல்லா இருக்குன்னு சொன்னவங்க, எண்பத்தாறு வயசு, அவங்ககிட்ட எடுத்துட்டுப் போனேன். மூக்குக்கிட்ட கொண்டு போய் மோந்து பாத்தாங்க, ஷோனோன்னாங்க. கற்பூரம்டி! பூச்சி அரிக்காம இருக்க இங்க கிமோனோ பீரோவுல கற்பூரம் போட்டு வெப்பாங்களாம். அதான் சந்தைல இருந்தே எனக்கு ஏகாம்பரநாதர் கோயில் ஞாபகமா வந்துட்டிருந்துது. அப்புறம் அந்த வெள்ளைத் தையலை விரலால தடவிட்டு, இது ஷித்சுகே, தச்சு முடிச்சதும் ஓரம் கலையாம இருக்கப் போடற தையல், முதல் தடவை கட்டறதுக்கு முன்னாடி பிரிச்சுடுவோம்னாங்க. அப்படின்னா? அப்படின்னா இதை யாரும் ஒரு தடவை கூட கட்டல.

கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம். யாரோ அளவெடுத்து, யாரோ ராத்திரில உக்காந்து கையாலயே தச்சு, மடிச்சு வெச்சது, அப்படியே.

அதுலயும் அந்த அம்பு டிசைன், எய்த அம்பு திரும்பி வராதுன்னு ஒரு காலத்துல கல்யாணப் பொண்ணுக்குக் குடுத்து அனுப்புவாங்களாம், புகுந்த வீட்டுலேர்ந்து திரும்பி வந்துடாதன்னு அர்த்தம். நான் உடனே ஒரு கதை கட்டிட்டேன், கல்யாணம் நின்னு போச்சோ, மாப்பிள்ளை போர்ல போயிட்டாரோன்னு. பாட்டி கண்டுக்கல. பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க எல்லாருமே யாகசுரிதான் கட்டுவாங்க, கதை ஒண்ணும் வேணாம்னாங்க. ஆனா ஒண்ணு சொன்னாங்க. 1940 ஜூலை 7ஆம் தேதி ஆடம்பரப் பொருளுக்கு அரசாங்கம் தடை போட்டுது, ஆடம்பரம் நம்ம எதிரின்னு தெருவுல போர்டு வெச்சாங்க, அப்புறம் போர் முத்தினதும் பொம்பளைங்க எல்லாரும் மொம்பேன்னு ஒரு தொளதொள பேன்ட்தான், நல்ல துணி எல்லாம் பெட்டிக்குள்ள போச்சு. போர் முடிஞ்சு பசி. நகரத்துல இருந்தவங்க ரயிலேறி கிராமத்துக்குப் போய் விவசாயி வீட்டுல கிமோனோவக் குடுத்துட்டு அரிசியும் சக்கரவள்ளிக்கிழங்கும் வாங்கிட்டு வருவாங்களாம். அதுக்கு மூங்கில்குருத்து வாழ்க்கைன்னு பேரு வெச்சிருந்தாங்களாம், தகெனோகோன்னா மூங்கில்குருத்து, அதை மட்டை மட்டையா உரிக்கற மாதிரி ஒவ்வொரு துணியா உரிச்சுக் குடுத்துச் சாப்பிட்டோம்னு. பாட்டியோட அம்மா அப்படிக் குடுத்ததுல ஒண்ணு பாட்டிக்கு இன்னும் கண்ணுல நிக்குது, சிவப்புல வெள்ளைக் கொக்கு. என்ன கெடச்சுதுன்னு கேட்டேன். கிழங்குன்னாங்க. எவ்ளோன்னு கேக்க எனக்கு வாய் வரல.

அம்மாகிட்ட வீடியோ கால்ல காட்டினேன். என் தப்புதான். "யாரு கட்டினதோ என்னவோ, செத்தவங்க துணிய ஏண்டி வீட்டுக்குள்ள கொண்டு வர, மொதல்ல அதை வெளில போடு, போட்டுட்டுத் தலைக்குக் குளி." யாரும் கட்டலம்மா, தையல் கூட பிரிக்கலன்னா, "அது இன்னும் மோசம்"ங்கறாங்க. அதுக்கு நான் என்னடி பதில் சொல்ல?

அடுத்த நாள் வீட்ல யாரும் இல்லாதப்ப ஷித்சுகே நூலை உருவினேன். ஒரே இழுவைல வரும்னு நினைச்சேன், பழைய நூல், நாலு விரக்கடைக்கு ஒரு தடவை அறுந்து அறுந்துதான் வந்துது. எல்லாத்தையும் ஒரு தீப்பெட்டில போட்டு வெச்சிருக்கேன், தூக்கிப் போட மனசு வரல. அப்புறம் வீடியோ பாத்துக் கட்டிப் பாத்தேன். வீடியோல அந்தம்மா எதிர நின்னு கட்டறாங்க, நான் கண்ணாடில பாக்கற மாதிரி அப்படியே செஞ்சேன், நல்லாத்தான் இருக்குன்னு போட்டோ எடுத்துப் பாட்டிக்கு அனுப்பினேன். ரெண்டே நிமிஷத்துல காலிங்பெல். எண்பத்தாறு வயசு, செருப்பு மாட்டாம ஓடி வந்திருக்காங்க. நான் வலது பக்கத்தை மேல போட்டிருக்கேன். எப்பவும் வலது பக்கம் உடம்பை ஒட்டி உள்ள, இடது பக்கம் மேல. 719லயே அரசாணை போட்டு வெச்ச விஷயம்டி இது, ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் ஒண்ணுதான். மாத்திக் கட்டறது பொணத்துக்கு மட்டும். அம்மா செத்தவங்க துணின்னு ஒரு பாட்டம் ஆடினதுக்கு நான் அதை செத்தவ மாதிரியே கட்டிட்டு போட்டோவுக்கு சிரிச்சிருக்கேன். இது வரைக்கும் அம்மாவுக்குத் தெரியாது, நீயும் உளறிடாத.

கட்டறது லேசுப்பட்ட வேலை இல்ல. கிமோனோவோட நீளம் கிட்டத்தட்ட நம்ம உயரம் இருக்கணும், மிச்சத்தை இடுப்புல தூக்கி ஒரு மடிப்பா விடணும், அதுக்கு ஒஹாஷோரின்னு பேரு. எனக்கு அது பத்தல. அந்தக் காலத்துப் பொம்பளைங்க நம்ம பாட்டிங்க உயரம்தான், என்னுது 148 சென்டிமீட்டர் இருக்கு, நான் 160. பாட்டி கயித்தை இடுப்பெலும்புக்குக் கீழ இறக்கிக் கட்டி எப்படியோ ஒரு மடிப்பு பிடிச்சாங்க. கை இன்னும் மோசம், மணிக்கட்டுக்கு மேல நாலு விரல் தெரியுது. முதுகு நடுவுலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் உள்ள அளவுதான் இங்க முக்கியம், யுகின்னு பேரு, கிமோனோ வாங்கறப்ப நீளம் பாக்காட்டியும் யுகி பாக்கணும்னு இப்பத்தான் தெரியுது. கிமோனோக்காரங்களுக்குன்னு தனி அடிக்கோல் வேற, ஒரு ஷாகு கிட்டத்தட்ட 38 சென்டிமீட்டர், மரவேலைக்காரங்க ஷாகு வேற, இவங்க ஷாகு வேற. உள்ள ஜுபான்னு ஒரு உள் அங்கி, இடுப்புக்கயிறு, அதுக்கு மேல பட்டை, அப்புறம் ஓபின்னு அகலமான இடுப்புப்பட்டை, ஓபிக்குள்ள அட்டை, முதுகுல ஒரு குட்டித் தலகாணி, அதை மறைக்க ஒரு துணி (அந்தத் துணி அச்சு அசல் நம்ம சுங்குடிடி, புள்ளி புள்ளியா முடிச்சுப் போட்டு சாயம் ஏத்தினது), நடுவுல ஒரு கயிறு. முழுசா அம்பது நிமிஷம். நம்ம புடவை எவ்ளோ பரவால்ல, ஒரு பின்னு, ரெண்டு நிமிஷம், ஓடிப் போய் பஸ் பிடிக்கலாம். நான் பழக்கத்துல சேஃப்டி பின்னை எடுத்தேன், பாட்டி என் கைல தட்டினாங்க.

ஆனா ஒரு விஷயத்துல இது புடவையோட சொந்தக்காரிதான். நான் தச்ச துணின்னுதானே நினைச்சிட்டிருந்தேன். கிமோனோவ எங்கயும் வளைச்சு வெட்டவே மாட்டாங்க. துணி 36, 37 சென்டிமீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம், ஒரே சுருள், அதை நேர்கோட்டுல எட்டுத் துண்டு, அவ்ளோதான். கழுத்துகிட்ட சுத்தி வெட்டணுமேன்னா வெட்ட மாட்டாங்க, மிச்சத்தை உள்ள மடிச்சுத் தச்சுடுவாங்க. அதனால எப்ப வேணா எல்லாத்தையும் பிரிச்சு, துண்டு துண்டா சேத்துத் தச்சா மறுபடி 12 மீட்டர் சுருள் வந்துடும். உங்கப்பா ஒரு தடவை சொன்னாரே, ரவிக்கைத் துணிய வெட்டறதப் பாத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும்னு, அவரு மாதிரி ஒரு நெசவாளிதான் இதைக் கண்டுபிடிச்சிருக்கணும்.

ஜூன்ல இவரோட ஆபீஸ்ல ஒருத்தர் பொண்ணுக்குக் கல்யாணம், அதுக்கு இதைக் கட்டலாம்னு இருந்தேன். பாட்டி தலைல கை வெச்சுட்டாங்க. ஏன்னு கேளு. இங்க நெசவுல டிசைன் வந்த கிமோனோ ஒரு படி கீழ, வெள்ளையா நெய்து அப்புறம் சாயத்துல வரைஞ்சது ஒரு படி மேல. ஓபிக்கு மட்டும் தலைகீழ், அது நெசவா இருந்தாத்தான் ஒசத்தி. நம்ம ஊர்ல கல்யாணத்துக்குப் பிரின்டட் சில்க் கட்டிட்டுப் போனா என்ன பேசுவாங்க! தறில போட்ட புட்டாவுக்கு உள்ள மரியாதை அச்சுக்கு உண்டா? எனக்கு இதை மனசு ஏத்துக்கவே இல்ல, இன்னும் கூட தப்பாத்தான் சொல்றாங்கன்னு தோணுது. மெய்சென் பட்டாவே இருந்தாலும் கடைத்தெரு போறதுக்கு, சினிமா போறதுக்கு, அவ்ளோதானாம். சரின்னுட்டேன்.

மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கட்டிட்டு வெளில போனோம், பாட்டியும் நானும். வெயில் கொளுத்துது. உள்ள லைனிங் வெச்ச கிமோனோ மே கடைசி வரைக்கும், ஜூன் ஒண்ணாந்தேதிதான் லைனிங் இல்லாதது, வெயில் அடிச்சாலும் காலண்டர்தான் கணக்குன்னு பாட்டி பிடிவாதம். பஸ் ஸ்டாப்ல முன்ன பின்ன தெரியாத ரெண்டு வயசானம்மாங்க வந்து, கேக்கக் கூட இல்ல, பின்னாடி ஓபிய இழுத்து நேராக்கிட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கோயில் திருவிழால யாரோ ஒரு அத்தை வந்து முந்தானைய சரி பண்ணி விடுவாங்களே, அப்புறம் எனக்கு அப்படி யாரும் செஞ்சதே இல்ல.

அந்த சந்தோஷத்துல பஸ்ல இறங்கற பட்டனை அழுத்தக் கைய தூக்கினேன். சர்ர்ருன்னு ஒரு சத்தம். தோள்பட்டைக்குப் பின்னாடி ஒரு சாண் கிழிஞ்சுது, தையல் இல்ல, துணியே. மடிப்பு மாத்தாம வெச்சா பட்டு மடிப்புலயே நொறுங்கும்னு உங்கம்மா வருஷத்துக்கு ரெண்டு தடவை எல்லாப் புடவையும் எடுத்து மடிப்பு மாத்தி வெப்பாங்களே, இதை யாரு மாத்தி வெச்சிருப்பா. வீட்டுக்கு வந்து அவுத்தா இன்னொரு கூத்து. பழைய கிமோனோவுக்கு உள்ள லைனிங் ரத்தச் சிவப்புல இருக்கும், மோமின்னு பட்டு, ஒரு காலத்துல மஞ்சள்ல முக்கி அது மேல குசும்பாப் பூச்சாயம் ஏத்துவாங்களாம், பின்னாடி கெமிக்கல் சிவப்பும் வந்துது. என் வேர்வைல அது இறங்கி, உள்ள போட்டிருந்த வெள்ளை ஜுபான் பூரா அக்குள்லயும் முதுகுலயும் சிவப்பு. குங்குமம் கொட்டின மாதிரி. இவரு பாத்துட்டு என்னாச்சுன்னு பதறிட்டாரு.

நான் அழுதுட்டேன்டி, 2500 யென் துணிக்கு. தொண்ணூறு வருஷம் ஒண்ணும் ஆகாம இருந்துது, நான் கைய வெச்சேன், ஒரே மதியத்துல போச்சுன்னு. பாட்டி கிழிசல்ல விரலை விட்டுப் பாத்தாங்க. "நல்லதாப் போச்சு, பிரிச்சிடலாம்"னாங்க.

இப்போ ரெண்டு வாரமா சாயங்காலம் சாயங்காலம் அவங்க வீட்ல உக்காந்து பிரிக்கறோம். குட்டிக் கத்தரிக்கோல், கண்ணாடி ரெண்டு பேருக்கும். முழுக்கக் கைத்தையல், அரிசி மணியில பாதி கூட இருக்காது ஒவ்வொரு தையலும், இதுல ஒரு இடத்துல மட்டும் தையல் கொஞ்சம் பெரிசா கோணலா போகுது, தச்சவங்களுக்குத் தூக்கம் வந்திருக்கும்னு பாட்டி சொன்னாங்க. தோள்பட்டைத் தையலைப் பிரிச்சதும் உள்ள மடிஞ்சிருந்த ஓரம் வெளில வந்துது பாரு, நான் அப்படியே வெச்சுட்டுப் பாத்தேன். நான் ஊதான்னு நினைச்சிட்டிருந்தது ஊதாவே இல்ல. நல்ல பழுத்த கத்தரிக்காய் தோல்ல வெளிச்சம் பட்ட மாதிரி, அப்படி ஒரு கலர். நாங்க பாத்ததெல்லாம் மங்கினதுதான். துணிக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுன்னு சொன்னேன்ல, அதனால இப்போ உள்பக்கத்தை வெளில திருப்பித் தைக்கப் போறோம், கிழிஞ்ச இடம் ஓபிக்கு அடில போற மாதிரி துண்டை மாத்திக்கலாமான்னு பாட்டி கணக்குப் போடறாங்க. தோள்ல மடிச்சிருந்ததை விட்டுக் குடுத்தா என் கைக்கும் ரெண்டு சென்டிமீட்டர் கிடைக்கும். சிவப்பு லைனிங்கைத் தூக்கியாச்சு, லைனிங் இல்லாம தச்சா ஜூன்லயும் செப்டம்பர்லயும் கட்டலாம். துவைச்சு, கடல்பாசி காய்ச்சின கஞ்சி போட்டு, பலகைல ஒட்டிக் காய வெக்கணும், பாட்டி வீட்டுக் கொல்லைல அந்தப் பலகை இன்னும் இருக்கு, அது மேல இத்தனை நாளா பூந்தொட்டி வெச்சிருந்தாங்க. இன்னைக்கு மழை, அதான் உனக்கு எழுத நேரம் கிடைச்சுது.

நீ எனக்கும் ஒண்ணு கிடைக்குமான்னு கேப்ப, தெரியும். 21ஆம் தேதி மறுபடி போறேன். உன் யுகி வேணும். கழுத்துக்குப் பின்னாடி எலும்பு முண்டா இருக்கும்ல, அங்கேர்ந்து தோள் வழியா மணிக்கட்டு வரைக்கும், கைய கீழ தொங்க விடாம சாய்வா நீட்டிட்டு அளக்கணும். உங்கண்ணனை விட்டு அளக்காத, அப்பாகிட்ட டேப்பைக் குடு. நம்பரை அவரே படிச்சுச் சொல்லட்டும், கண்ணு எப்படி இருக்குன்னும் தெரிஞ்சுடும்.

உன்
சுமி